கரை மாஸ்டர்

நகரசபை நீச்சல்குளத்தில் பதினெட்டு வருஷம் நீச்சல் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அவரையும் அவர் மனைவியையும் பம்ப் ரூம் ஆபரேட்டரையும் தவிர ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் இது தெரியாமல் இருந்தது. உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஊர் அவரைக் 'கரை மாஸ்டர்' என்றது. கேலிக்கு வைத்த பெயர் இல்லை, மரியாதைக்கு வைத்தது. மற்ற ஊர்களில் பயிற்சி கொடுப்பவர்கள் தாங்களும் தண்ணீரில் இறங்கி, ஆளின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பார்களாம். இவர் இறங்கமாட்டார். வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன், கழுத்தில் விசில், கையில் பன்னிரண்டு அடி அலுமினியக் கம்பு. குளத்தின் விளிம்பில், ஈரம் படாத டைல் வரிசையாகப் பார்த்து நடப்பார். "முட்டியை மடக்காதீங்க! இடுப்புலேர்ந்து அடிங்க! மூச்சைத் தண்ணிக்குள்ள விடுங்க, வெளியில வந்து இழுங்க!" அவ்வளவுதான். ஆள் மிதந்துவிடுவான்.

பெண்கள் வகுப்பில் இதற்குத் தனி மதிப்பு. "எத்தனை வருஷமா வர்றோம், ஒரு நாள் தண்ணியில கால் வெச்சிருக்காரா? பார்வை கூடத் தண்ணி மேலதான் இருக்கும். அவ்ளோ கண்ணியம்" என்று வங்கிக் காசாளர் அம்மாள் புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்லுவாள். பயத்துக்குக் கண்ணியம் என்று பெயர் வைத்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்? மாஸ்டர் தலையைக் குனிந்துகொள்வார். அதையும் அடக்கம் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் அந்தக் குளத்துக்கு வந்தது லாக்கர் சாவி கொடுக்கிற வேலைக்கு. ஏழு வருஷம் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாவி கொடுத்தார், துண்டு கொடுத்தார், மறந்து விட்டுப்போன செருப்பை எடுத்து வைத்தார். அந்த ஏழு வருஷமும் பழைய மாஸ்டர் போடுகிற கூச்சல் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் பழைய மாஸ்டர் ஏதோ பெரிய ஓட்டலில் வேலை கிடைத்தது என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு சாவி ஜன்னலுக்கு வந்தார்.

"ஏம்ப்பா, நீ ஏழு வருஷமா பாத்துக்கிட்டுதானே இருக்க? ரெண்டு நாள் அந்த விசிலைப் போட்டுக்கிட்டு நில்லு. புது ஆளு வந்துடுவான்."

"சார், எனக்கு..."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நின்னாப் போதும்."

நின்றார். புது ஆள் வரவில்லை. 'உனக்கு நீச்சல் தெரியுமா' என்று மேனேஜர் கேட்கவும் இல்லை. நீச்சல்குளத்தில் ஏழு வருஷம் சம்பளம் வாங்குகிறவனைப் பார்த்து அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது.

முதலில் கையில் சிக்கியவர் பேக்கரிக்காரர். நாற்பது வயது, நூற்றுப் பத்து கிலோ. சின்ன வயதில் கிணற்றில் விழுந்து எடுக்கப்பட்டவர். வாளியில் தண்ணீரைப் பார்த்தாலே ஒதுங்கி நடப்பார். எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று வீட்டில் சொல்லித் தள்ளிவிட்டிருந்தார்கள். படிக்கட்டில் நின்று நடுங்கினார். பழைய மாஸ்டராக இருந்தால் பிடித்துத் தள்ளியிருப்பார். நம் ஆள் குந்தி உட்கார்ந்து, "இப்போ கால் கட்டைவிரல் சுருட்டிக்கிட்டு நிக்குதா?" என்று கேட்டார்.

"ஆமா! எப்படித் தெரியும்?"

"அடுத்தது தொண்டை அடைக்கும். அடைச்சாப் பரவாயில்ல. அது ஒரு நிமிஷம்தான் இருக்கும், அப்புறம் தானா விட்டுடும். விட்டதும் அடுத்த படி இறங்குங்க."

பயம் உடம்பில் எங்கெங்கே குடியிருக்கும், எப்போது எந்த அறைக்கு மாறும் என்று மாஸ்டருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அது அவர் வீட்டு ஆள் அல்லவா. பெஞ்சின்மேல் குப்புறப் படுத்துக் கால் அடித்துக் காட்டினார். காற்றில் கையை வீசிக் காட்டினார். பதினோராம் நாள் பேக்கரிக்காரர் குளத்தைக் குறுக்கே கடந்தார். கடந்து, மேலே ஏறி, சொட்டச் சொட்ட வந்து மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஆளும் பேருமாகப் பார்த்துக்கொண்டிருக்க ஓவென்று அழுதார்.

"மாஸ்டர், எனக்கு மறுபிறவி கொடுத்துட்டீங்க. உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அந்த அழுகைதான் மாஸ்டரைக் கெடுத்தது. அதுவரை யாரும் அவர் கையைப் பிடித்ததில்லை. "இருபத்திரண்டாம் நம்பர் சாவி" என்று ஜன்னலுக்குள் கை நீட்டியதோடு சரி. ஒரு மனிதன் தன்னால் மாறினான், அதைத் தன் முகத்துக்கு நேராகச் சொல்லியும் அழுதான் என்பது எப்பேர்ப்பட்ட போதை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார். அடுத்த அழுகை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

நீச்சல் கற்றுக்கொள்ளத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. ஒரு வார விடுமுறை நாளில் யாரும் இல்லாத மத்தியானம் மூன்று படி இறங்கினார். முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. கட்டைவிரல் சுருட்டிக்கொண்டது. தொண்டை அடைத்தது. ஒரு நிமிஷத்தில் விட்டுவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாரே, அது அவருக்கு விடவில்லை. பம்ப் ரூமிலிருந்து ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா மாஸ்டரு, மோதிரத்தைத் தொலைச்சிட்டியா?"

மேலே ஏறி வந்தவர்தான், அப்புறம் இறங்கவே இல்லை. ஆபரேட்டர் அன்றைக்கே விஷயத்தைப் புரிந்துகொண்டார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் நீச்சல் தெரியாது. அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அரசாங்க வேலையில் இது ஒரு பெரிய வசதி.

வீட்டில் மட்டும் மறைக்க முடியவில்லை. மாஸ்டர் நீச்சல் உடையைக் குழாயடியில் நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு போவார், கொடியில் போடுவதற்கு. மனைவி தபால் நிலையக் கவுன்டரில் வேலை பார்ப்பவள். முத்திரை போடாத தபாலைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கிற கண். முதல் மாதமே சொல்லிவிட்டாள்.

"குளத்துத் தண்ணின்னா குளோரின் வாடை அடிக்கும். இது குழாய்த் தண்ணி. எதுக்கு வீணா நனைச்சுத் தூக்கிட்டு வர்றீங்க? நான்தானே துவைக்கிறேன்."

அதோடு நனைப்பதை நிறுத்தினார். அவளும் அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவர் வாய் நீளுகிற நேரங்களில் தவிர.

வாய் நீளத்தான் செய்தது. மாஸ்டரிடம் ஒரு நோட்டு இருந்தது. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார், எத்தனை நாளில் மிதந்தார்கள், கடைசி நாள் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைப்பார். 'கண் கலங்கினார்' என்று சில பெயர்களுக்கு எதிரே இருக்கும். 'கைகுலுக்கினார், அவ்வளவே' என்று சிலதில் வருத்தத்தோடு இருக்கும். ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்தபோது ஊரே அவருக்கு ஒரு வகுப்பறையாகத் தெரிந்தது. பல் டாக்டரிடம் போனால் வரிசையில் நிற்கமாட்டார். கம்பவுண்டரிடம், "மாஸ்டர் வந்திருக்கார்னு சொல்லு. உங்க டாக்டர் ஒரு காலத்துல தண்ணியைப் பாத்து அலறினவர்" என்பார், உட்கார்ந்திருக்கிற பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி. டாக்டர் ஓடிவந்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார், மரியாதை பாதி, வாயை அடைக்கிற அவசரம் பாதி.

கல்யாண வீடு, இழவு வீடு எதுவும் விதிவிலக்கு இல்லை. யாராவது யாரையாவது அறிமுகப்படுத்தினால் மாஸ்டர் குறுக்கே விழுவார். "இவரா? நம்ம கையில கத்துக்கிட்டவர்தான். ஆறு நாள்." போகப் போக நீச்சலோடு நிற்கவில்லை. டீக்கடைக்காரருக்கு டீ ஆற்றச் சொல்லிக்கொடுத்தார். பஸ் டிரைவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். மனைவிக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார்.

"பொறந்ததுலேர்ந்து நானே விட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

"விடுற. ஆனா முறையா விடல."

"நீங்க முறையாக் குளிங்க முதல்ல. தலைக்குத் தண்ணி ஊத்தறதுக்கே கண்ணை இறுக்கி மூடிக்கிறீங்க."

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் நர்ஸம்மா வந்து சேர்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலிக்கு நீச்சல் நல்லது என்று அவரே அத்தனை வருஷம் ஊருக்கு உபதேசம் செய்திருந்தார். இப்போது தன் மூட்டு வலித்ததும் வேறு வழி இல்லை.

நர்ஸம்மாவிடம் ஒரு கெட்ட பழக்கம். கேள்வி கேட்பார்.

"தண்ணி மூக்குல போனா எப்படி இருக்கும் மாஸ்டர்?"

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணுமில்லன்னா எப்படி? ஊசி போடறப்போ நாங்க 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்'னு சொல்லுவோம். அது மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

மாஸ்டர் கம்பைத் தூக்கித் தூரத்தில் வேறு யாரையோ சுட்டிக்காட்டி, "முட்டி! முட்டி!" என்று கத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார். அங்கே நீந்திக்கொண்டிருந்தவர் முட்டியை ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். பாவம், அன்று முழுக்கக் குழம்பினார்.

எல்லோரும் பத்து நாள், பதினைந்து நாளில் மிதந்தால் நர்ஸம்மாவுக்கு மூன்று மாதம் ஆனது. நோட்டில் அவர் பெயருக்கு எதிரே நாள் எண்ணிக்கை ஏற ஏற மாஸ்டருக்கு எரிச்சல் ஏறியது. "நம்புங்கம்மா! தண்ணி தூக்கும்னு நம்புங்க!" என்று கரையிலிருந்து கத்துவார். "நீங்க நம்பறீங்களா?" என்று கீழேயிருந்து குரல் வரும். சாதாரணமாகத்தான் கேட்டார். மாஸ்டருக்கு மட்டும் அது காவல் நிலையத்தில் கேட்ட மாதிரி இருந்தது. ஒருவழியாக, தவளை மாதிரியும் இல்லாமல் நாய் மாதிரியும் இல்லாமல் தனக்கென்று ஒரு தினுசில் அந்த அம்மாள் குளத்தைக் குறுக்கே கடந்தார். மேலே ஏறி, துண்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நோட்டில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டார் மாஸ்டர்.

அந்த வருஷம் குளத்துக்கு வெள்ளிவிழா வந்தது. பழைய மாணவர்கள் எல்லாம் கூடி, விழாவில் மாஸ்டருக்கும் ஒரு பாராட்டு என்று முடிவு செய்தார்கள். நகரசபைத் தலைவர் வருகிறார், கேடயம் கொடுக்கிறார். ஒரு மாதம் மாஸ்டர் தரையில் நடக்கவில்லை. புதுப் பேன்ட், புது வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஏற்புரையை எட்டுப் பக்கம் எழுதி மனைவியிடம் வாசித்துக் காட்டினார். 'கற்பிப்பவன் அடையும் பேரின்பம்' என்று அதற்குத் தலைப்பு வேறு.

"இதுல 'நான்' எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"நான் பேசறப்போ நான்னுதானே வரும்?"

விழா நாளில் குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். ஆழமான பக்கத்தில் மேடை. பேக்கரிக்காரர் பேசும்போதே அழுதார். பல் டாக்டர், "தொடாமல் கற்றுக்கொடுத்த ஒரே ஆசான்" என்றார். வங்கி அம்மாள் கண்ணியத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். தலைவர் கேடயத்தைக் கொடுத்தார். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து எட்டுப் பக்கத்தையும் எடுத்துப் பிரித்தார்.

முதல் வரியைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து பேக்கரிக்காரரும் பல் டாக்டரும் இன்னும் இரண்டு தடியர்களும் வந்து அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவிட்டார்கள். ஆனந்தம் தாங்கவில்லை அவர்களுக்கு. ஜெயித்தவர்களைத் தண்ணீரில் போடுவதை டிவியில் பார்த்திருக்கிறார்களே!

"வேணாம்! வேணாம்! கீழ விடுங்க!" என்று அலறினார் மாஸ்டர்.

"இந்த அடக்கம்தான் மாஸ்டர் உங்ககிட்ட எங்களுக்குப் பிடிச்சது!" என்றார் பேக்கரிக்காரர்.

கடைசி வரிசையிலிருந்து மனைவி எழுந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "விடுங்க அவரை! விடுங்க!" இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். "ஆசையாத் தூக்கறாங்கம்மா. சட்டை நனைஞ்சா நனையட்டும், காஞ்சுடும்."

பம்ப் ரூம் வாசலிலிருந்து ஆபரேட்டர் பதினெட்டு வருஷத்து ரகசியத்தை ஒரே மூச்சில் கக்கினார். "யோவ்! அவனுக்கு நீச்சல் தெரியாதுய்யா!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரே சிரித்துவிட்டார். அன்றைய விழாவில் அதைவிட நல்ல நகைச்சுவை இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. கேடயத்தோடு போட்டார்கள்.

எட்டடி ஆழம். மாஸ்டர் நேராகப் போனார். மேலே ஏற்புரை பக்கம் பக்கமாக மிதந்தது, எழுதினவர் மட்டும் மிதக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. "உள்நீச்சல் காட்டறார்!" என்றான் ஒருவன். "மூச்சுப் பிடிக்கிறதுல மாஸ்டரை அடிச்சுக்க ஆள் இல்ல" என்றார் பல் டாக்டர். உற்சாகத்தில் யாரோ எண்ண ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பதினெட்டு! பத்தொன்பது! இருபது!

நர்ஸம்மா எண்ணவில்லை. அவர் தண்ணீரையும் பார்க்கவில்லை. மாஸ்டரின் மனைவி முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் முப்பத்திரண்டு வருஷம் அந்த மாதிரி முகங்களைப் பார்த்தவர் அவர். அடுத்த நொடி, சுவரோரம் சாய்த்திருந்த அலுமினியக் கம்பை எடுத்துக்கொண்டு விளிம்பில் குப்புறப் படுத்துவிட்டார்.

"எண்ணறதை நிறுத்துங்கடா முட்டாள்களா! அந்த ஆளு செத்துக்கிட்டிருக்கான்! டாக்டரு, நீ குதி!"

பல் டாக்டர் கோட்டு சூட்டோடு குதித்தார். கம்பின் நுனி மாஸ்டரின் தோளில் இடித்தது. கையில் எது கிடைத்தாலும் பிடிக்கிற நிலையில் இருந்தார் அவர், பிடித்தார். டாக்டர் கீழேயிருந்து தள்ள, நர்ஸம்மாவும் பேக்கரிக்காரரும் மேலேயிருந்து இழுக்க, மாஸ்டர் கரைக்கு வந்தார். நர்ஸம்மா அவரை ஒருக்களித்துப் புரட்டி முதுகில் ஓங்கித் தட்டினார். உள்ளே போயிருந்த நகரசபைத் தண்ணீரை மாஸ்டர் நகரசபைத் தலைவரின் ஷூவிலேயே திருப்பிக் கொடுத்தார்.

எல்லாம் அடங்கிக் கண்ணைத் திறந்ததும் நர்ஸம்மாவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "எரியுது... மூக்குலேர்ந்து மண்டை வரைக்கும் எரியுது."

"இதைத்தான் மூணு மாசமாக் கேட்டேன்" என்றார் நர்ஸம்மா.

மறுநாளிலிருந்து ஊருக்கு வேறு வேலை இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று ஒரு கட்சி. ஏமாற்றினால் நாம் எப்படி மிதக்கிறோம் என்று ஒரு கட்சி. பேக்கரிக்காரர் இரண்டு கட்சியிலும் இருந்தார். "அப்போ எனக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா?" என்று கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கேட்டார். ஆறு வருஷமாக மீன் மாதிரி நீந்திக்கொண்டிருந்த வங்கி அம்மாள் அந்த வாரம் குளத்தின் நட்டநடுவில் திடீரென்று சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட்ட மாத்திரத்தில் முழுகினாள். ஆழமில்லாத இடம் என்பதால் எழுந்து நின்று, மாஸ்டரைத் திட்டிவிட்டு, மீதியை நடந்தே கடந்தாள்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஐந்து பேர். 'நீச்சல் தெரியாமல் நீச்சல் சொல்லிக்கொடுத்தது ஏன்?' என்பது கேள்வி.

"யாரும் கேக்கல சார்" என்றார் மாஸ்டர்.

குழு மேனேஜரைப் பார்த்தது. மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். மேற்கொண்டு நோண்டினால் மேனேஜர், ஆபரேட்டர், இன்னும் யார் யார் தலையெல்லாம் உருளுமோ என்று குழுவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். மாஸ்டரை மறுபடியும் லாக்கர் சாவிக்குப் போட்டுவிட்டுக் கலைந்தது.

புதிதாக ஒரு பயிற்சியாளரை நியமித்தார்கள். முப்பது வயது, மூன்று மெடல். தண்ணீரில் விழுந்தால் சத்தம்கூட வராது. அப்படி ஒரு அழகு. முதல் வகுப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்து, "அவ்வளவுதான். அப்படியே போங்க, வந்துடும்" என்றார். யாருக்கும் வரவில்லை. "எனக்குத் தொண்டை அடைக்குது சார்" என்று ஒருத்தர் சொன்னபோது, "ஏன், சளியா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். நடக்கத் தெரியுமுன்னே நீந்தியவர் அவர். பயப்படுகிறவனைப் பார்த்தால் அவருக்கு வேற்றுக்கிரகவாசி மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் ஒரு ஆள்கூட மிதக்கவில்லை. சாவி வாங்க வருகிற சாக்கில் ஒவ்வொருவராகக் கம்பி ஜன்னலில் குனிந்து, "மாஸ்டர், இடுப்பு கீழ போகுது, என்ன பண்றது?" என்று கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். மாஸ்டரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தலையைத் தூக்காதீங்க. தரையைப் பாருங்க" என்று சாவியோடு சேர்த்துக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா ஜன்னலுக்கு வந்தார். சாவி கேட்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் குளம் காலியா இருக்கும். நீச்சல் டிரஸ் இருக்கா?"

"இருக்கு... அது பழசு."

"பழசா இருந்தா என்ன, புதுசு மாதிரிதானே இருக்கும். எடுத்துட்டு வாங்க."

ஐம்பத்து மூன்று வயதில் மாஸ்டர் இறங்கினார். நர்ஸம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவருடைய வசனங்களையே அவருக்குச் சொன்னார். வசனம் சரிதான், சொன்ன ஆள்தான் சரியில்லை. பொறுமையே கிடையாது. "ம், மூச்சை விடுங்க. விடுங்கன்னா விடணும். ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி முழிக்காதீங்க." ஏழு வாரம் இழுத்தது. எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, இருமிக்கொண்டும் திணறிக்கொண்டும் மாஸ்டர் அந்தப் பக்கச் சுவரைத் தொட்டார்.

திரும்பிப் பார்த்தால் நர்ஸம்மா அழுதுகொண்டிருக்கிறார்.

மாஸ்டர் பதறிப்போனார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"நான் கத்துக்கொடுத்துட்டேன்" என்றார் நர்ஸம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னாலதானே? சொல்லுங்க. என்னாலதானே நீந்தினீங்க?"

மாஸ்டருக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். எதிரே இருந்து பார்ப்பது மட்டும்தான் இது முதல் தடவை. அவ்வளவு பசியோடு ஒரு முகம் தன்னைப் பார்த்தால் எதிரே நிற்கிறவன் என்ன செய்வான்? கண் கலங்குகிற மாதிரி காட்டிக்கொண்டார். தன் நோட்டில் 'கண் கலங்கினார்' என்று எழுதியிருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதில் எத்தனை பேர் இப்படிப் பாவம் பார்த்துக் கலங்கினார்களோ என்று முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. வீட்டுக்குப் போய் நோட்டைத் தேடி எடுத்து அலமாரியின் மேல் தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தார்.

நர்ஸம்மாவை அதற்குப்பிறகு பிடிக்கமுடியவில்லை. மருந்துக்கடை, வங்கி, பஸ் நிறுத்தம், எங்கே பார்த்தாலும் "மாஸ்டருக்கே மாஸ்டர் நான்" என்று ஆரம்பித்துவிடுவார். நிர்வாகமும் யோசித்துப் பார்த்தது. மெடல்காரரை உள்ளூர்ப் போட்டிக்கு ஆள் தயார் செய்ய அனுப்பிவிட்டு, மாஸ்டரை மறுபடி குளத்துக்குக் கொண்டுவந்தது. இப்போதுதான் நீச்சல் தெரியுமே, அவரும் உற்சாகமாக இறங்கினார். ஒரே வாரத்தில் பெண்கள் வகுப்பிலிருந்து பதினாலு கையெழுத்தோடு மனு வந்தது, மாஸ்டர் தண்ணீரில் இறங்குவது முறையாக இல்லை என்று. அந்த வகுப்பு நர்ஸம்மாவிடம் போனது. அவரும் அதற்காகவே பிறந்தவர் மாதிரி விசிலை வாங்கிக்கொண்டார்.

ஆண்கள் வகுப்பில் மாஸ்டர் முன்னைப்போல் இல்லை. நேரடியாக நீந்திக் காட்டிவிட்டு, "இப்படித்தான்" என்கிறார். "எப்படி மாஸ்டர்?" என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசிக்கிறார். "அது... விட்டுக் கொடுத்தா வந்துடும்" என்கிறார். பத்து நாளில் மிதந்தவர்கள் இப்போது இருபது நாள் எடுக்கிறார்கள். யாரும் குறை சொல்லவில்லை. மாஸ்டருக்கு நீச்சல் தெரியும் என்பதே எல்லோருக்கும் பெரிய நிம்மதியாக இருக்கிறது.

போன மாதம் மனைவி தபால் நிலையத்தில் நீண்ட விடுப்பு போட்டுவிட்டு நர்ஸம்மா வகுப்பில் சேர்ந்தாள். மாஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் வீட்டுலேயே இருக்கேன். என்கிட்ட கேக்கக் கூடாதா?"

"கேட்டா நீங்க சந்தோஷப்படுவீங்க. அப்புறம் அதை யாரு தாங்கறது?"

முதல் நாளே மிதந்துவிட்டாள். பயமே இல்லை அவளுக்கு. கணவரைத் தூக்கிப் போட்ட அன்றைக்குப் பட வேண்டிய பயமெல்லாம் பட்டுத் தீர்த்துவிட்டாளோ என்னவோ. நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டை மாஸ்டர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு உங்க வகுப்பை எட்டிப் பாத்தேன்."

"ம்."

"கால் அடிக்கிறப்போ உங்களுக்கு முட்டி மடங்குது. அதான் வேகம் வரல. சாப்பிட்டு எழுந்திருங்க, அந்தக் கட்டில்ல குப்புறப் படுங்க. எப்படின்னு காட்டறேன்."

மாஸ்டர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதே பசி. பார்த்துவிட்டு, வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.